தொங்கான் போன கரையில்

சிங்கப்பூர் ஆற்றின் தென்கரையில் எல்ஜின் பாலத்திலிருந்து கெவனா பாலம்வரை வில்லாக வளைந்து செல்கிறது போட் கீ. மாலை ஏழு மணிவாக்கில் அந்த வழியே ஆற்றுமுகத்தை நோக்கி நடப்பவருக்கு வலப்புறம் ஓட்டுக்கூரை போட்ட பழைய கடைவீடுகள், இடப்புறம் தண்ணீரை ஒட்டி மேசை நாற்காலிகள். அடுப்படி வீட்டுக்குள் இருக்கும், சாப்பிடுகிறவர் கரையில் இருப்பார். தட்டோடு வரும் பணியாளர் நடைபாதைக்காரர்களுக்கு வழிவிட்டு, நடுவில் ஒரு கணம் நின்று, பிறகு கடந்து வருவார். எதிர்க்கரையில் விளக்குகள் ஏற்றப்பட்டதும் தண்ணீரிலும் அவை எரியத் தொடங்கும். வெக்கை தணியும். ஒரு கோப்பை காப்பியை அரைமணி நேரம் குடிக்கலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

இந்த இன்பத்தில் பொய்யில்லை. ஆனால் நாற்காலி போட்டிருக்கும் அந்த ஒடுக்கமான நிலத்துண்டு உட்காருவதற்காக உண்டானதல்ல. படகிலிருந்து கரைக்குச் சாய்த்த பலகையின் நுனி வந்து ஊன்றிய இடம் அது. முதுகில் மூட்டையோடு அந்தப் பலகையில் ஏறி வந்தவர்கள், நூற்றிருபது ஆண்டுகளுக்குமேல், அங்கே ஒருநாளும் உட்காரவில்லை. உலகத்தின் பழைய நீர்வழி நகரங்கள் பலவற்றில் இன்று தண்ணீரோரம் காப்பி குடிக்க முடிகிறது என்றால், அந்தத் தண்ணீரில் முன்பு நடந்த வேலை நின்றுபோனதுதான் காரணம். வேலை எப்படி நின்றது, யாருடைய வேலை நின்றது என்று கேட்டுப் பார்த்தால் ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விடை சொல்கிறது. சிங்கப்பூரின் விடையில் தமிழர்களுக்கும் பங்குண்டு.

கரையே செயற்கைதான். தென்கரை முழுக்கச் சதுப்பு. 1822இல், நகரை நிறுவிய பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸின் ஆணைப்படி, இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்கும் இடத்தில் நின்ற குன்றை வெட்டி அந்த மண்ணால் சதுப்பை மேடாக்கினார்கள். துறை 1842இல் முழுமையடைந்தது. வளைவான அதன் வடிவத்தைச் சீன வணிகர்கள் கெண்டைமீனின் வயிறாகக் கண்டார்கள். செல்வம் தங்கும் இடம் என்பது அதன் பொருள். அவர்கள் நம்பிக்கை வீண்போகவில்லை. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் சரக்கு வணிகத்தில் முக்கால் பங்கு இந்த ஒரு வளைவில் நடந்தது.

பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. அவை வெளியே கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கைக் கப்பலிலிருந்து இறக்கிக் கரைக்குக் கொண்டுவரவும், கரையிலிருந்து ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் சிறு படகுகள் வேண்டும். மலாய்க்காரர்கள் 'தொங்காங்' என்ற அந்தச் சரக்குப் படகைத் தமிழர்கள் தங்கள் நாவுக்கு ஏற்பத் தொங்கான் என்றார்கள். அரிசி, மிளகு, ஈயம், கொப்பரை, பிற்பாடு ரப்பர் எல்லாம் தொங்கானில் ஏறி இறங்கின. அதை ஓட்டியவர்கள் யார் என்பதுதான் போட் கீயில் உட்காருகிறவர்கள் பலரும் அறியாத செய்தி. தொடக்க காலத்தில் இந்தப் படகுத் தொழில் பெருமளவு சூலியாக்களின் கையில் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே வழங்கிய பெயர் அது. நகரத்துக்காக 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த திட்டத்திலேயே ஆற்றின் மேற்பகுதியில் சூலியாக்களுக்கென்று குடியிருப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் அவர்கள் தொடங்கிய ஜாமியா சூலியா பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடக்கும் இடம். இரண்டாண்டு கழித்து, அப்போது கடற்கரையாக இருந்த தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எழத் தொடங்கியது. கடலோடிகளின் காவலராகக் கருதப்பட்ட நாகூர் ஆண்டவரின் பெயரில், கரை இறங்கிய இடத்திலேயே ஒரு நினைவிடம். பிழைப்பு எங்கே இருந்ததோ அங்கேயே நேர்ச்சையும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில் படிப்படியாகச் சீனர்களிடம் போனது. அவர்கள் ஓட்டிய ட்வாக்காவ் படகின் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருப்பார்கள். படகுக்கு வழி தெரிய வேண்டுமல்லவா! படகு கைமாறினாலும் கரையை விட்டுத் தமிழர் முற்றாக அகலவில்லை. துறையிலிருந்து சில நிமிட நடைதூரத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தரையில் விரித்த பாயும், முன்னால் சாய்மேசைப் பெட்டியும், சுவரோரம் இரும்புப் பெட்டகமுமாக ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். படகில் வந்த சரக்குக்கு வேண்டிய கடன் பலநேரம் அந்தப் பாயிலிருந்துதான் புறப்பட்டது.

கெவனா பாலத்துக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி தரலாம். கிளாஸ்கோ நிறுவனம் ஒன்று செய்தனுப்பிய இரும்பால் 1869இல் கட்டப்பட்டது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளின் உழைப்பில் சிங்கப்பூரில் எழுந்த கடைசிப் பெரிய கட்டுமானம் அது. பாலம் தாழ்வாக அமைந்துவிட்டது. கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டம் உயர்ந்தால் படகு அடியில் நுழைய முடியாது. நீர் வடியும்வரை படகோட்டிகள் காத்துக் கிடப்பார்கள். 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்தபிறகு கெவனாவை இடித்துவிடாமல் நடப்பவர்களுக்கு விட்டார்கள். 3 ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் கடக்கக்கூடாது என்ற பழைய அறிவிப்பு இன்றும் அதன் முகப்பில் இருக்கிறது. காப்பிக் கடைக்குப் போகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காலத்திலும் ஆற்றங்கரையில் மக்கள் சாப்பிட்டார்கள். தள்ளுவண்டிகளும் தோளில் காவடித்தண்டு சுமந்த உணவு வியாபாரிகளும் துறையோரம் நெருக்கியடித்து நிற்பார்கள். மூட்டை தூக்கியவர் இரண்டு நடைக்கிடையே நின்றபடி ஒரு கிண்ணம் கஞ்சியோ நூடுல்ஸோ விழுங்கிவிட்டுப் போவார். இரவில் ரீட் பாலத்தின்மேல் கதைசொல்லிகள் வருவார்கள். படகுக்காரர்களும் கூலிகளும் வேலை முடித்து அவர்களைச் சுற்றி உட்கார்ந்து பழைய வீரர்களின் கதை கேட்பார்கள். இந்த ஆற்றின் முதல் மாலைநேர வாடிக்கையாளர்கள் இவர்களே. ஆற்றோரம் உட்கார்ந்து இளைப்பாறுவது கஃபேக்கள் கொண்டுவந்த வழக்கம் என்று எழுதுபவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

ஆறு நாறியது. மேல்நீரில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும், கரைகளில் கழிவுநீர் வசதியில்லாத குடிசைகளும் பட்டறைகளும், துறையில் உணவு வியாபாரிகள் கொட்டிய மிச்சமும், படகுகளின் எண்ணெயும் சேர்ந்து தண்ணீர் கறுத்துப்போயிருந்தது. கடல் வற்றும் நேரத்தில் சேறு வெளியே தெரியும். மூக்கைப் பொத்தாமல் பாலத்தைக் கடக்க முடியாது. 1977 பிப்ரவரி 27 அன்று நீர்த்தேக்கத் திறப்புவிழா ஒன்றில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று அதிகாரிகளுக்கு இலக்கு வைத்தார்.

அடுத்த பத்தாண்டில் நடந்தது ஆற்றைக் கழுவும் வேலையாக மட்டும் இருக்கவில்லை. இரண்டு ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி முதன்மைத் தீவில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பரப்பில் வாழ்ந்தவர்களின் வாழ்க்கையே இடம்மாறியது. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள், பெரும்பாலும் அரசின் அடுக்குமாடி வீடுகளுக்கு, குடிபெயர்ந்தன. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. 2,800 சிறுதொழில் கூடங்கள் வேறிடம் போயின. ஏறக்குறைய 5,000 தெருவோர உணவு வியாபாரிகள் குழாய்நீரும் சாக்கடை இணைப்பும் கொண்ட உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஆற்றின் அடியிலிருந்து சேற்றை அள்ளினார்கள். 1987 செப்டம்பரில் தூய்மைப் பணி நிறைவைக் கொண்டாடியபோது, முன்னின்று நடத்திய லீ எக் தியெங் உட்படப் பத்து அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. மீன்கள் திரும்பிவிட்டிருந்தன.

இதற்கு நடுவே, 1983 செப்டம்பரில், 800க்கும் மேற்பட்ட சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டு வெளியேறிப் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. கடைசிப் படகும் போனபின் போட் கீ எப்படி இருந்திருக்கும்! தலைமுறைகளாக ஓயாத துறையில் ஒரு காலைப்பொழுது யாரும் கூவவில்லை. ஆற்றின் சமூக வரலாற்றை எழுதிய ஸ்டீவன் டாப்ஸ் முதலிய ஆய்வாளர்கள், படகுக்காரர்களின் நினைவுகளுக்கு அந்த வரலாற்றில் உரிய இடம் தந்திருக்கிறார்கள். படகுகளை அரசாணை மட்டுமே விரட்டியது என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சோங் பகாரில் 1972இல் கொள்கலன் முனையம் திறந்துவிட்டது. கப்பல் நேராகத் துறையில் அணைந்து, பாரந்தூக்கி பெட்டியை எடுத்து லாரியில் வைக்கத் தொடங்கிய நாளிலேயே தொங்கானின் காலம் எண்ணப்பட்டுவிட்டது. ஆற்றின் தூய்மைப்பணி அந்த முடிவை முந்திக்கொண்டு வரவழைத்தது.

காலியான கரை என்ன ஆவது? 1989இல் போட் கீ பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த 111 கடைவீடுகள் இடிபடாமல் தப்பின. மேல்நீரில், பழைய கிடங்குகள் நிறைந்த கிளார்க் கீ சீரமைக்கப்பட்டு 1993 டிசம்பரில் திறந்தது. கீழ்த்தளத்தில் சரக்கு, மேல்தளத்தில் கூலிகளின் ஒண்டுக்குடித்தனம் என்றிருந்த வீடுகளில் சமையலறைகளும் மதுக்கூடங்களும் வந்தன. வெப்பநாட்டில் ஆற்றோரம் மேசை போடுவதன் சிக்கல் அப்போதுதான் புரிந்தது. ஐரோப்பியர் வெயிலைத் தேடி வெளியே உட்காருவார்கள். இங்கே நண்பகலில் வெயில் உச்சியைப் பிளக்கும். பிற்பகலில் சொல்லாமல் மழை கொட்டும். கடைவீட்டைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. முகப்பில் மேல்மாடியைத் தாங்கி நிற்கும் ஐந்தடி நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கவே அமைந்தது. தண்ணீரோரத்துக்கு அந்த நிழல் எட்டாது. அதனால்தான் போட் கீயில் கரைநெடுக விதானங்களும் குடைகளும். கிளார்க் கீயில் 2006ஆம் ஆண்டுச் சீரமைப்பின்போது பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் வில் ஆல்சப் தெருக்களுக்கே ராட்சதக் குடை பிடித்தார். பழைய கிடங்குகளின் அமைதியான முகத்துக்கு அந்த வண்ணக்குடைகள் பொருந்தவில்லை என்று குறைபட்டவர்கள் உண்டு. குறையில் நியாயம் இருந்தாலும் பகல் இரண்டு மணிக்கு அங்கே நடந்து பார்த்தவர்கள் குடையின் பக்கம்தான் பேசுவார்கள்.

2008இல் ஆற்றுமுகத்துக்கு அப்பால் மரினா அணைக்கட்டு வந்தது. 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே நின்று அது கடலைத் தடுத்தது. சிங்கப்பூர் ஆறு நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியானது. ஏற்றமும் வற்றமும் ஆற்றிலிருந்து போயின. சேறு தெரியும் நேரம் என்று இப்போது ஒன்றில்லை. மேசைக்கு எப்போதும் ஒரே உயரத்தில் தண்ணீர்.

வேலை போய் நாற்காலி வந்த ஊர் இது ஒன்றே அல்ல. மிலான் நகரப் பெருங்கோயிலுக்குக் கந்தோலியா மலையின் பளிங்கைச் சுமந்து வந்த நவீலியோ கிராந்தே கால்வாயில் சரக்குப் போக்குவரத்து 1979இல் நின்றது. இன்று அதன் இருகரையிலும் மாலைநேரக் கூட்டத்தில் இடம் பிடிப்பது கடினம். அதே நகரம் தன் உள்வட்டக் கால்வாய்களை 1930ஐ ஒட்டி மூடிச் சாலையாக்கியிருந்தது. மூடிய இடத்தில் இன்று கார்கள் ஓடுகின்றன. மூடாமல் விட்ட இடத்தில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பொதுப்போக்குக்கு அடங்காத ஓர் ஊரும் இருக்கிறது. நெதர்லாந்தின் யூட்ரெக்ட். அதன் நடுவே ஓடும் அவுடெக்ராக்ட், அதாவது பழைய கால்வாய், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்தால் ஒரு கணம் திகைப்பார்கள். சாலையும் வீட்டு வாசல்களும் மேலே இருக்க, தண்ணீர் ஒரு மாடி ஆழம் கீழே கிடக்கிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருபுறமும் இன்னொரு துறைமேடை. அந்த மேடையில் மரங்கள் வளர்ந்து சாலைக்கு மேலே தலைநீட்டுகின்றன. மேடையின் பின்சுவரில் வரிசையாக வளைவு வாசல்கள். உள்ளே நீண்ட செங்கல் நிலவறைகள்.

காரணம் ஒரு நதியின் விலகல். ரைன் ஆற்றின் பழைய கிளையில் நகரம் அமைந்திருந்தது. 1122ஐ ஒட்டி மேல்நீரில் அந்தக் கிளை அணையிட்டு அடைக்கப்பட்டது. நகரத்தார் தெற்கே புதிய நீர்வழி வெட்டி வணிகத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது. வெட்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கரை வேறு உயர்ந்திருந்தது. படகிலிருந்து சரக்கை அவ்வளவு உயரம் தூக்குவது பெரும்பாடு. வணிகர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். வீட்டின் அடித்தளத்திலிருந்து சாலைக்கு அடியில் தோண்டிக்கொண்டே போய் நீர்மட்டத்தில் வாசல் திறந்துவிட்டார்கள். பீப்பாயைப் படகிலிருந்து இறக்கி நேராக உருட்டினால் போதும், கிடங்குக்குள் போய்விடும். அந்த ஊரில் இப்படி 700க்கும் மேற்பட்ட நிலவறைகள் இருக்கின்றன. கோடையில் அவற்றின் வாசலில் மேசை போடப்படுகிறது. சாலையின் இரைச்சல் தலைக்குமேலே தங்கிவிடும். கைநீட்டும் தூரத்தில் தண்ணீர். உலகில் வேறெங்கும் கஃபேயில் உட்கார்ந்திருப்பவர் தண்ணீருக்கு இத்தனை நெருக்கமாகவும் ஊருக்கு இத்தனை மறைவாகவும் இருப்பது அரிது.

சுமையின் கதை இங்கும் உண்டு. கால்வாயோரத்தில் இருக்கும் விங்கல் வான் சிங்கல் என்ற மாளிகை 1839இல் பல்பொருள் அங்காடியாகத் திறந்து இன்று பெரிய கஃபேயாக இருக்கிறது. அதன் முகப்பைத் தாங்கும் வார்ப்பிரும்புப் பெண்சிலைகள் இங்கிலாந்திலிருந்து படகில் வந்தவை. அவற்றை இறக்கும்போது பாரம் தாங்காமல் நகரத்தின் பழைய பாரந்தூக்கியே முறிந்து விழுந்தது.

யூட்ரெக்டின் தனிச்சிறப்பு நிலவறைகளின் அழகில் முடிவதில்லை. சாலைக்கு அடியில் வெற்றிடம் இருப்பதால் கனரக வாகனங்கள் மேலே ஓடினால் வளைவுகள் விரிசல் விடும். உணவகங்களுக்குச் சரக்கு எப்படிப் போகும்? 1996இல் நகராட்சி ஒரு படகை விட்டது. ஊரார் அதற்கு வைத்த பெயர் 'பீர் படகு'. பீர் பீப்பாய்களையும் உணவுப்பொருள்களையும் ஏற்றிக்கொண்டு கால்வாய்வழியே வந்து, தன் பாரந்தூக்கியால் துறைமேடையில் இறக்கிவிட்டுப் போகும். 2010 முதல் அந்த வேலையைச் செய்வது மின்கலத்தில் ஓடும் படகு; புகையில்லை, சத்தமில்லை. இடைக்காலப் பீப்பாய் எந்த வாசல்வழியாக உருண்டு உள்ளே போனதோ, அதே வாசல்வழியாக இன்றைய பீப்பாயும் போகிறது. உட்காருவதும் வேலையும் ஒரே தண்ணீரில் ஒன்றையொன்று விரட்டாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

அந்த ஊரும் தவறு செய்திருக்கிறது. நகரைச் சுற்றிய அகழியின் மேற்குப் பகுதியை 1970களில் வற்றவைத்து விரைவுச்சாலை போட்டார்கள். 2002இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, சாலையைத் தோண்டியெடுத்து, 2020 செப்டம்பர் 12 அன்று மீண்டும் தண்ணீர் விட்டார்கள். ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழித்து அகழியில் படகு சுற்றி வந்தது.

சிங்கப்பூரில் அப்படி ஒரு தொடர்ச்சி சாத்தியமாக இருந்ததா? 800 படகுகளை அந்த ஆற்றில் வைத்துக்கொண்டு அதைத் தூய்மை செய்திருக்க முடியாது. நாற்றத்தில் வாழ்ந்தவர்களுக்குக் குழாய்நீரும் கழிப்பறையும் கிடைத்ததை எந்த அழகியல் வாதத்தாலும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் படகோடு சேர்ந்து மலிவான சாப்பாடும் கரையைவிட்டுப் போனது பெரிய இழப்பு. ஆற்றுமுகத்தருகே எம்பிரஸ் பிளேசில் சிலகாலம் ஓர் உணவங்காடி நிலையம் இருந்தது. 1990களில் அதுவும் இல்லாமலானது. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மானுடத்தின் மரபாக ஏற்றபோது, அந்தப் பண்பாட்டின் ஒரு வேர் இருந்த துறையில் தெருவுணவின் விலையில் ஒரு தட்டுச் சோறு கிடைக்கவில்லை. மூட்டை தூக்கியவரின் பேரன் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் விலைப்பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். துறையை மீட்டபோது பத்துக் கடைகளையாவது பழைய தெருவோர உணவு வியாபாரிகளுக்கென்று ஒதுக்கியிருக்கலாம்.

நினைவு மட்டும் வெண்கலத்தில் நிற்கிறது. மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும் இந்தியக் கூலியும் சீனக் கூலியும் ஓரிடத்தில். செட்டியாரும் இன்றைய நிதித்துறைக்காரர்களும் சேர்ந்திருக்கும் சிலைத்தொகுதி இன்னோரிடத்தில். கெவனா பாலத்தருகே ஆற்றில் குதிக்கப்போகும் ஐந்து சிறுவர்கள். சோங் ஃபா சியோங் வடித்தவை, காற்றிலேயே நிற்கின்றன. சூலியாப் படகோட்டியைத் தேடுகிறவர் போட் கீயிலிருந்து உள்ளே பிரியும் தெருவின் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டும். 1920களில் பழைய பெயரை மாற்றிவைத்த சூலியா ஸ்திரீட், வானளாவிய வங்கிக் கட்டடங்களின் நிழலில் இருக்கிறது.

ஆற்றில் இப்போதும் படகு உண்டு. பழைய சரக்குப் படகின் வடிவில், சரக்குத்தட்டில் இருக்கைகள் போட்டு, மின்சாரத்தில் ஓடும் சுற்றுலாப் படகுகள். கரையில் சாப்பிடுகிறவர்கள் கையசைக்க, படகில் இருப்பவர்கள் பதிலுக்குக் கையசைத்துப் போகிறார்கள். கெவனா பாலத்தை நெருங்கும்போது படகு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ஏற்றமா வற்றமா என்று பார்ப்பதற்கில்லை. நேராக அடியில் நுழைந்து மறுபுறம் வெளிவருகிறது.